அண்மை, இடை, சேய்மை: கண்புரை வில்லையைத் தேர்வதில் சொல்லின் பங்கு



கண்புரை அறுவையின்போது கண்ணுள் பொருத்தப்படும் வில்லையைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று நாம் தெரிவித்தபோது, மன்றப் பொறுப்பாளர் ஒருவர், "ஐயா, இது மருத்துவர் பேசவேண்டிய பொருளல்லவா?" என்று தயக்கத்துடன் கேட்டார். நியாயமான கேள்வி. நாம் மருத்துவரல்லோம், மொழியியலைக் கற்று, கற்பித்து, ஓய்வு பெற்றிருக்கிறோம். எவர் கண்ணுக்கு எந்த வில்லை ஏற்றது என்று அளந்து சொல்லவேண்டியவர் கண் மருத்துவரே. ஆயினும், எல்லா அளவுகளும் முடிந்த பிறகு மருத்துவர் ஒரு கேள்வி கேட்கிறார்: கண்ணாடி அணியாமல் எந்தத் தொலைவைத் தெளிவாகக் காண விரும்புகிறீர்கள்? இதற்குரிய விடையை எந்தக் கருவியும் தராது. நோயாளிதான் சொல்லவேண்டும். இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்த விடை ஒரு தமிழ் மூதாட்டியின் வாயிலிருந்து மருத்துவரின் காதுக்குப் போய்ச் சேர்வதற்குள் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளைக் கடக்கிறது. அவ்வழியில் ஒருமுறை பிழை நேர்ந்தது. அந்தப் பிழையைச் செய்தவர் நாமே. அதனால்தான் இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

புரையும் வில்லையும்

நாம் கூடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸ், கண்ணைப் பற்றிப் பேசுவதற்குப் பொருத்தமான இடம். 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் இங்கேதான் இருக்கிறது. இங்குள்ள நடைபாதைகளில் பதிக்கப்பட்ட மஞ்சள்நிறப் புடைப்புக் கற்களும், அவற்றின்மேல் வெள்ளைக் கோல் தட்டிச் செல்லும் ஓசையும் நமக்குப் பழகியவை. அச்சங்கத்தின் முயற்சியால்தான் 1986இல் பெட்டாலிங் ஜெயாவில் துன் உசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனை தோன்றியது. பார்வையிழப்பு எல்லாம் ஒரே வகையன்று. மீட்க முடியாதவை உண்டு. மீட்கக் கூடியவையும் உண்டு. மீட்கக் கூடியவற்றுள் தலையாயது கண்புரை. 2014இல் நடந்த இரண்டாம் தேசியக் கண் ஆய்வின்படி, இந்நாட்டில் 50 வயதைக் கடந்தவர்களிடையே காணப்படும் பார்வையிழப்பில் பாதிக்கும் மேற்பட்டதற்குக் காரணம் அறுவை செய்யப்படாத கண்புரையே.

'புரை' என்னும் சொல்லுக்குக் குற்றம் என்றும் ஒரு பொருள் உண்டு. கண்ணின்மேல் ஏதோ ஒரு தோல் வளர்ந்து மூடிக்கொள்வதே கண்புரை என்று பலர் கருதுகின்றனர். கண்ணின் வெண்பகுதியிலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்வது வேறொரு குறைபாடு. புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் இயற்கை வில்லை தன் தெளிவை இழந்து மங்குவதாகும். மேலே படிந்த அழுக்காக இருந்தால் துடைத்துவிடலாம். வில்லையே மங்கிவிட்டதால் அதை அகற்றித்தான் ஆகவேண்டும். அகற்றிய இடத்தில் வேறொன்றை வைத்தாகவேண்டும்.

அப்படி வைக்கும் வழக்கத்திற்கு முக்கால் நூற்றாண்டு வயதுதான் ஆகிறது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் தெறித்த விமான மேற்கூரைத் துண்டுகள் கண்ணுக்குள் தங்கியும் தீங்கு விளைக்காததைக் கண்ட ஹெரால்டு ரிட்லி என்னும் ஆங்கிலேய மருத்துவர், அதே வகைப் பொருளில் வில்லை செய்வித்து, 1949 நவம்பரில் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் ஒரு பெண்மணியின் கண்ணில் முதன்முதலாகப் பொருத்தினார். வில்லை கண்ணில் பொருந்தியது. அதன் திறனைக் கணித்ததில் பிழை நேர்ந்தது. அந்த அம்மையாருக்கு மிகக் கடுமையான கிட்டப்பார்வை ஏற்பட்டது. எந்தத் தொலைவுக்கு வில்லை வைப்பது என்னும் கேள்வி முதல் நாளிலிருந்தே இவ்வறுவையோடு வந்துகொண்டிருக்கிறது.

ரிட்லியின் முறை பரவுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்கள் நம் தாத்தா பாட்டியர் மூக்கில் கண்ட சோடாப்புட்டிக் கண்ணாடியை மறந்திருக்கமாட்டார்கள். புரை எடுக்கப்பட்டு, உள்ளே வில்லை வைக்கப்படாத கண்களுக்கு அளிக்கப்பட்ட கண்ணாடி அது. வில்லை எளியவர்களுக்கும் கிடைத்ததில் தமிழ்நாட்டிற்கு ஒரு பங்குண்டு. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் சார்பில், 1992இல் ஆரோலேப் நிறுவப்பட்டது. இறக்குமதி வில்லைகளின் விலையில் மிகச் சிறு பகுதிக்கு அது வில்லைகளைச் செய்து தந்தது. இன்று அவை நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கின்றன. வில்லை கிடைக்குமா என்பது நம் பெற்றோர் காலத்துக் கேள்வி. எந்த வில்லை என்பது நம் காலத்துக் கேள்வி.

கிள்ளானில் நேர்ந்தது

எம் தமக்கையார் கிள்ளானில் வசிக்கிறார். ஜாலான் தெங்கு கிளானாவை ஒட்டிய வீட்டில் நாற்பது ஆண்டுகளாக ரவிக்கை தைத்து வருபவர். இளமையிலிருந்தே அவருக்கு நான்கு டயாப்டர் அளவுக்குக் கிட்டப்பார்வை. தெருவில் நடக்கக் கண்ணாடி வேண்டும். ஊசியில் நூல் கோக்கும்போது கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு, ஒரு சாண் தொலைவில் பிடித்து, ஒரே முயற்சியில் கோத்துவிடுவார். வயதானவர்கள் எல்லாரும் வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தேடியபோது அவர் தேடவில்லை. அண்மையில் உள்ளதைக் காண அவருடைய வெறுங்கண்ணே போதுமாயிருந்தது.

ஏழு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இரு கண்ணிலும் புரை முற்றியது. மருத்துவமனைக்கு நாமே அழைத்துச் சென்றோம். தமக்கையாருக்கு ஆங்கிலம் தெரியாது. மலாய் கடைத்தெருவளவில் தெரியும். எனவே மொழிபெயர்ப்புப் பொறுப்பை நாம் ஏற்றோம். மருத்துவர் பொறுமையானவர். கண்ணுள் பொருத்தப்படும் வில்லை ஒரு தொலைவில் மட்டுமே தெளிவு தரும் என்றும், தூரமா கிட்டமா என்பதை நோயாளியே முடிவு செய்யலாம் என்றும், தூரத்தைத் தேர்ந்தால் அண்மை வேலைகளுக்குக் கண்ணாடி வேண்டும் என்றும் தெளிவாகவே சொன்னார்.

நாம் இரண்டு தவறுகள் செய்தோம். முதலாவது, தமக்கையார் வாய் திறப்பதற்கு முன்பே, "தூரம்" என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டோம். வாழ்நாள் முழுவதும் தூரம் தெரியாமல் துன்பப்பட்டவர், இனியாவது தூரத்தைக் காணட்டும் என்பது நம் எண்ணம். இரண்டாவது இன்னும் நுட்பமானது. 'அண்மை வேலை' என்று மருத்துவர் சொன்னதைத் தமக்கையாரிடம், "படிக்க மட்டும் கண்ணாடி வேண்டியிருக்கும், அக்கா" என்று மொழிபெயர்த்தோம். நம் வாழ்வில் அண்மை வேலை என்றால் படிப்பதுதான். அவர் வாழ்வில் அப்படியில்லை. நாளிதழைக்கூடப் பிறர் படிக்கக் கேட்பவர் அவர். "படிக்கத்தானே, சரி" என்று தலையசைத்தார்.

அறுவை நன்றாக நடந்தது. இரண்டு வாரம் கழித்து நாம் சென்றபோது வாசலில் நின்றபடியே தெருக்கோடியில் வரும் வண்டியின் எண்ணைப் படித்துக் காட்டினார். பிறகு உள்ளே அழைத்துச் சென்று தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தார். "ஊரெல்லாம் பளிச்சுனு தெரியுது, தம்பி. என் கையில இருக்கிற ஊசிதான் தெரியல" என்றார். சற்று நேரம் கழித்து, "படிக்கத்தான் கண்ணாடி வேணும்னு சொன்னே. நான் எங்க தம்பி படிக்கிறேன்?" என்று கேட்டார். அவர் குரலில் சினம் இல்லை. ஆனால் அவருடைய வலக்கை, இல்லாத கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றுவதற்காக ஒவ்வொரு முறையும் முகத்தருகே சென்று வெறுமனே திரும்பியதைக் கண்டோம். முப்பது ஆண்டுகள் மொழிபெயர்ப்பைப் பற்றியும் பாடம் நடத்தியவர்கள் நாம். அன்று நாம் மொழிபெயர்க்கவில்லை, அவருக்காக விடையளித்துவிட்டோம்.

ஒரு குறை, இரண்டு பெயர்

அதன்பின் இந்தச் சொற்களை ஆராயத் தொடங்கினோம். 'கிட்டப்பார்வை' என்னும் தமிழ்ச் சொல், கிட்டத்தில் தெளிவாகவும் தூரத்தில் மங்கலாகவும் தெரியும் நிலையைக் குறிக்கிறது. அதே நிலையை மலாயில் 'ரபூன் ஜாவ்' என்பர். 'ரபூன்' என்றால் மங்கல். 'ஜாவ்' என்றால் தூரம். ஒரே குறைக்குத் தமிழ் எஞ்சியிருப்பதைக் கொண்டு பெயரிடுகிறது. மலாய் இழந்ததைக் கொண்டு பெயரிடுகிறது. மறுபுறம், நாம் 'தூரப்பார்வை' என்பது மலாயில் 'ரபூன் டெக்காட்' ஆகிறது. 'டெக்காட்' என்றால் அருகு. மருத்துவ அட்டையில் தூரம் என்னும் சொல்லைக் கண்டு அதைத் தூரப்பார்வை என்று தமிழாக்கும் பேரப்பிள்ளை, பாட்டியின் கண்ணைத் தலைகீழாக்கிவிடுகிறான்.

தமிழுக்குள்ளேயும் குழப்பம் உண்டு. கிட்டப்பார்வை என்பது தொகைச்சொல். விரிக்கும் முறை அதற்குள் இல்லை. 'கிட்டத்தில் மட்டும் நன்றாக அமைந்த பார்வை' என்றும் விரிக்கலாம். 'கிட்டத்தில் குறையுள்ள பார்வை' என்றும் விரிக்கலாம். மாலைக்கண் என்னும்போது மாலையில் தெரியாமையைத்தானே குறிக்கிறோம்? அந்தப் பழக்கத்தில், "எனக்குக் கிட்டப்பார்வை" என்று சொல்லும் முதியவர்களுள் சிலர், கிட்டத்தில் தெரியவில்லை என்னும் பொருளில் அதைச் சொல்கின்றனர். நம் பரிந்துரை எளியது. மருத்துவரின் முன் பெயர்ச்சொல்லை விட்டுவிடுங்கள்; வாக்கியமாகச் சொல்லுங்கள். "கண்ணாடி இல்லாமல் ஊசி தெரிகிறது, பேருந்து எண் தெரியவில்லை" என்பதை எந்த மொழியில் பெயர்த்தாலும் பொருள் மாறாது.

மூன்று தொலைவுகள்

தூரமா கிட்டமா என்று இரண்டாகப் பிரிப்பதும் போதாது. தொல்காப்பியம் அ, இ, உ ஆகிய மூன்றையும் சுட்டெழுத்துகள் என்று சொல்வது உங்களுக்குத் தெரியும். 'இது' அண்மைக்கு, 'அது' சேய்மைக்கு. 'உது' என்பது மிக அருகிலும் இல்லாமல், மிகத் தொலைவிலும் இல்லாமல், பெரும்பாலும் கேட்பவரின் பக்கமாக இருப்பதைச் சுட்டும். நம் அன்றாடப் பேச்சில் அது வழக்கொழிந்துவிட்டது. யாழ்ப்பாணத் தமிழில் இன்றும் உயிருடன் இருக்கிறது. இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பணியாற்ற வந்து இப்பிரிக்பீல்ட்ஸில் குடியேறிய இலங்கைத் தமிழர் குடும்பங்களின் மூத்தவர்கள், "உதை எடு", "உங்கே வை" என்று பேசுவதை நாம் இளமையில் கேட்டிருக்கிறோம்.

கண் மருத்துவமும் மூன்று தொலைவுகளையே கணக்கில் கொள்கிறது. ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் அண்மை: புத்தகம், ஊசி, மருந்துச் சீட்டு, கைப்பேசி. ஏறத்தாழ 60 முதல் 80 சென்டிமீட்டர் வரை இடைத்தொலைவு: கணினி, அடுப்பு, காய்கறி நறுக்கும் பலகை, காரின் வேகமானி, கோலம் போடும் தரை இன்னும் சற்றுத் தள்ளி. அதற்கு அப்பால் சேய்மை: சாலை, தொலைக்காட்சி, கோயிலில் மூலவர், எதிரே வருபவரின் முகம். 'உது' என்ற சொல்லை இழந்ததுபோலவே, வில்லையைத் தேரும்போது இடைத்தொலைவையும் நாம் மறந்துவிடுகிறோம். ஒரு நாளின் பெரும்பகுதியைச் சமையலறையிலும் கணினியின் முன்னும் கழிப்பவர்க்கு அதுவே முதன்மையான தொலைவு.

இளங்கண்ணின் வில்லை தன் வடிவத்தை மாற்றிக்கொண்டு இம்மூன்றையும் மாறி மாறிக் காட்டும். நாற்பதைக் கடக்கும்போது அந்த ஆற்றல் குறைகிறது. பொருத்தப்படும் செயற்கை வில்லைக்கு அந்த ஆற்றல் பொதுவாக இல்லை. ஆகவே தேர்வு தேவைப்படுகிறது. வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதலாவது ஒற்றைக்குவிய வில்லை. ஒரு தொலைவில் முழுத் தெளிவு, மற்றவற்றுக்குக் கண்ணாடி. அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் பொருத்தப்படுவது இதுவே. அந்த ஒரு தொலைவு சேய்மையாகத்தான் இருக்கவேண்டும் என்ற விதி இல்லை என்பதைப் பலர் அறியார். கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து வில்லையின் திறனைக் கணிக்கும்போது, இரண்டரை டயாப்டர் அளவுக்குக் கிட்டப்பார்வையை வேண்டுமென்றே விட்டுவைத்தால் 40 சென்டிமீட்டரில் தெளிவு கிடைக்கும். ஒன்றரை டயாப்டர் விட்டுவைத்தால் ஏறத்தாழ 67 சென்டிமீட்டரில் கிடைக்கும். ஒரு கண்ணைச் சேய்மைக்கும் மற்றதை அண்மைக்கும் அமைப்பதும் உண்டு. அந்த வேறுபாட்டை எல்லாருடைய மூளையும் ஏற்பதில்லை. ஆதலால் முன்கூட்டியே தற்காலிக வில்லை கொண்டு சோதித்துப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது பல்குவிய வில்லை; அதன் ஒரு வகை முக்குவிய வில்லை. உள்ளே வரும் ஒளியைப் பங்கிட்டு இரண்டு அல்லது மூன்று தொலைவுகளுக்கு அனுப்புகிறது. கண்ணாடியின் தேவை வெகுவாகக் குறையும். ஒளி பங்கிடப்படுவதால் மங்கிய வெளிச்சத்தில் வெளிர்மைக்கும் கருமைக்கும் உள்ள வேறுபாட்டை உணரும் திறன் சற்றுக் குன்றும். இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவளையங்கள் தோன்றும். பலர்க்குச் சில மாதங்களில் அது பழகிவிடும், சிலர்க்குப் பழகாது. கூட்டரசு நெடுஞ்சாலையில் இரவுதோறும் மழையில் வண்டி ஓட்டுபவர் இதனை நன்கு எண்ணிப் பார்க்கவேண்டும். மூன்றாவது நீள்குவிய வில்லை. சேய்மையும் இடைத்தொலைவும் நன்றாகத் தெரியும்; சிறிய எழுத்துக்குக் கண்ணாடி தேவைப்படலாம். ஒளிவளையத் தொல்லை பொதுவாகக் குறைவு.

டோரிக் வில்லை என்பது வேறொரு கேள்விக்கு விடை. கருவிழியின் வளைவு எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாக இல்லாதவர்க்கு உருவங்கள் ஒருபுறம் இழுபட்டுத் தெரியும். அதைச் சரிசெய்யவே இந்த வில்லை. மேற்சொன்ன எவ்வகையும் டோரிக் அமைப்பில் கிடைக்கும். அது சரியான கோணத்தில் அமர்ந்திருக்கவேண்டும். 30 பாகை திரும்பிவிட்டால் அதனால் பயனில்லை.

உயர்வும் விலையும்

ஒற்றைக்குவியம் தவிர்ந்த வில்லைகளைத் தனியார் துறையில் 'பிரீமியம்' என்று அழைக்கின்றனர். இச்சொல்லைத் தமிழில் 'உயர்தர' என்று பெயர்க்கும்போது ஒரு தீங்கு நேர்கிறது. மற்றது தாழ்தரம் என்றாகிவிடுகிறது. "அம்மாவுக்கு மட்டமானதையா வைப்பது?" என்று பிள்ளைகள் கலங்கி, சேமிப்பைக் கரைத்துப் பல ஆயிரம் ரிங்கிட் செலவிடுகின்றனர். தான் அமைக்கப்பட்ட தொலைவில் மிகத் தெளிவான, ஒளி இழப்பில்லாத பார்வையைத் தருவது ஒற்றைக்குவிய வில்லையே. கண்ணாடியிலிருந்து விடுதலை வேண்டுவோர்க்கு மற்றவை உதவும். அந்த வசதிக்குத்தான் கூடுதல் விலை. எனவே, 'பல தொலைவு வில்லை', 'ஒரு தொலைவு வில்லை' என்று செயலைக் கொண்டு பெயரிடுவதே நேர்மையான மொழிபெயர்ப்பு.

கூடுதல் விலை கொடுத்தாலும் எல்லாக் கண்களும் அவற்றை ஏற்கா. நீரிழிவால் விழித்திரையின் மையப்பகுதி பாதிக்கப்பட்டவர்க்கும், கண்ணழுத்த நோயால் பார்வை நரம்பு தேய்ந்தவர்க்கும் ஒளியைப் பங்கிடும் வில்லையைப் பெரும்பாலும் மருத்துவர் பரிந்துரைப்பதில்லை. ஏற்கெனவே குறைந்திருப்பதை மேலும் பங்கிடக் கூடாதல்லவா? இந்நாட்டில் வயது வந்தோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது என்றும், இந்தியர்களிடையே அது மிகுதி என்றும் 2019இன் தேசிய நலவாழ்வுக் கணிப்பு காட்டியது. எனவே நம் குடும்பங்களில் வில்லையின் பெயரைக் கேட்பதற்கு முன் விழித்திரையின் நிலையைக் கேட்கவேண்டும்.

இரண்டாம் கண்

தமக்கையாரின் இரண்டாம் கண்ணுக்கு நாள் குறிக்கப்பட்டபோது, மீண்டும் நாமே உடன் சென்றோம். இம்முறை மருத்துவரிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் அப்படியே தமிழில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டோம். அது எளிதாக இல்லை. தமக்கையார் நெடுநேரம் விடை சொல்லவில்லை. பிறகு இரு கைகளையும் முன்னால் நீட்டி, துணியைப் பிடிப்பதுபோல் பிடித்து, "இங்க தெரியணும்" என்றார். மருத்துவர் அளவுநாடாவை எடுத்து அவர் கண்ணுக்கும் விரலுக்கும் இடைப்பட்ட தொலைவை அளந்தார். ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். இரு கண்களும் வேறுவேறாக அமைந்தால் படியிறங்கும்போது தடுமாற்றம் வரலாம் என்று எச்சரித்து, சோதனைச் சட்டத்தில் வில்லைகளை இட்டு, அவரைத் தாழ்வாரத்தில் நடக்கவைத்தார். தமக்கையார் நடந்தார், படியேறினார், இறங்கினார், கைப்பையிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்தார். அவற்றை அவர் கொண்டுவந்திருந்தது நமக்கே தெரியாது.

இன்று அவர் தைக்கிறார். பட்டு நூலுக்கும் கறுப்புத் துணிக்கும் கண்ணாடி வேண்டியிருக்கிறது, மற்றவற்றுக்கு வேண்டியதில்லை. முன்பு ஒரு சாண் தொலைவில் இருந்த துல்லியம் திரும்பவில்லை. அதை நாம் மறைக்க விரும்பவில்லை.

சென்ற ஆண்டு நமது முறை வந்தது. பதினைந்து ஆண்டு நீரிழிவால் நம் விழித்திரையில் சிறு மாற்றங்கள் இருப்பதால் பல்குவியம் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நாம் ஒரு வாரம் எதை எந்தத் தொலைவில் பார்க்கிறோம் என்று குறித்து வைத்தோம். புத்தகமும் கையெழுத்தும் 40 சென்டிமீட்டரில் நான்கு மணி நேரம். கணினி 65 சென்டிமீட்டரில் மூன்று மணி நேரம். வண்டி ஓட்டுவது வாரம் ஒருமுறை, அதுவும் பகலில். வலக்கண்ணை ஒற்றைக்குவிய வில்லையுடன் அண்மைக்கு அமைத்துக்கொண்டோம். இடக்கண் இன்னும் காத்திருக்கிறது. அதனைக் கணினியின் தொலைவுக்கு அமைக்க எண்ணியிருக்கிறோம். இந்த உரைத்தாளை வெறுங்கண்ணால் படிக்கிறோம். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் முகங்களைக் காண இந்தக் கண்ணாடி வேண்டும். அறிந்தே ஏற்றுக்கொண்ட இழப்பாதலால் அது உறுத்தவில்லை.

செய்யக் கூடியவை

கண்புரை அறுவைக்குச் செல்வோர், செல்வதற்கு முன் ஒரு தாளில் சிலவற்றை எழுதிக்கொள்ளலாம். நாள்தோறும் எதைப் பார்க்கிறீர்கள், எந்தத் தொலைவில், எவ்வளவு நேரம்? இப்போது எந்த வேலைக்குக் கண்ணாடியைக் கழற்றுகிறீர்கள்? இக்கேள்வி மிக முக்கியம். கழற்றிவிட்டுச் செய்யும் வேலைதான் சேய்மை வில்லை வைத்தபின் கைநழுவும். இரவில் வண்டி ஓட்டுகிறீர்களா? எந்த வேலைக்குக் கண்ணாடி அணிவது உங்களுக்குத் துன்பமில்லை? நீரிழிவு, கண்ணழுத்தம், முன்பு செய்துகொண்ட லேசர் பார்வைத் திருத்தம் ஆகியவை உண்டா? லேசர் திருத்தம் செய்த கருவிழியில் வில்லையின் திறனைக் கணிப்பது கடினம், மறைக்காமல் சொல்லவேண்டும். வைத்த வில்லையை மாற்ற முடியும். ஆனால் நாள் செல்லச் செல்ல அது கடினமாகும். ஆகவே கேள்விகளை முன்பே கேட்டுவிடுவது நன்று.

உடன் செல்லும் பிள்ளைகளுக்கும் தம்பியருக்கும் ஒரு வேண்டுகோள். கேள்வியைப் பெயருங்கள், விடையை அவரிடமே விட்டுவிடுங்கள். உங்கள் வாழ்விலிருந்து எடுத்துக்காட்டுத் தராதீர்கள். அவர் தாமதித்தால் காத்திருங்கள். கையால் காட்டினால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மன்றத்திற்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒப்புதல் படிவங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. கண் மருத்துவர்களின் துணையுடன் ஒரே ஒரு பக்கத்தில், பெரிய எழுத்தில், மூன்று தொலைவுகளையும் படங்களோடு காட்டும் தமிழ்த் துண்டறிக்கை ஒன்றை நாம் உருவாக்கலாம். அதற்குப் புதிய கலைச்சொற்கள் தேவையில்லை. ஊசி, அடுப்பு, பேருந்து ஆகிய மூன்று படங்களும், அவற்றின்கீழ் "கண்ணாடி இல்லாமல் எது தெரியவேண்டும்?" என்னும் ஒரு வாக்கியமும் போதும். கிள்ளானிலும் காஜாங்கிலும் ரவாங்கிலும் உள்ள ஒரு மூதாட்டி அதில் விரல் வைத்துக் காட்டினால், இடையில் எந்த மொழிபெயர்ப்பாளரும் தவறிழைக்க இடமிராது. நம்மைப் போன்ற மொழியியலாளரும் கூட.

இத்துண்டறிக்கையின் முதல் வரைவை எழுதும் பொறுப்பை நாமே ஏற்கிறோம். அச்சுக்குப் போகுமுன் அதை எம் தமக்கையாரிடம் படித்துக் காட்டி, அவர் சொல்லும் திருத்தங்களைச் சேர்த்துக்கொள்வோம்.